இரட்டைக் குழியா, செப்டிக் டேங்கா? நிரம்பிய பிறகு தெரியும்

உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் கழிப்பறை கட்டுகிறவர்கள் பலரும் செப்டிக் டேங்க் என்றே தொடங்குகிறார்கள். பெரிதாகப் போட்டுவிட்டால் கவலையில்லை என்ற எண்ணம். நான் இரட்டைக் குழியைத்தான் சொல்வேன், அதாவது ஒன்று மாற்றி ஒன்றாகப் பயன்படும் இரண்டு குழிகள்; எங்கள் வீட்டில் இருப்பதும் அதுதான். செலவும் இடமும் குறைவு என்பது தெரிந்ததே. பார்க்க வேண்டியது, நிரம்பிய பிறகு என்ன நடக்கிறது என்பதை.

டேங்கை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை உறிஞ்சி எடுக்க வேண்டும். லாரி நுழையாத சந்தென்றால் ஆளை இறக்கும் பேச்சு வரும். 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு சில நிமிடத்தில் ஆளைக் கொன்றுவிடும். அன்றாட ஆபத்து, டேங்கிலிருந்து வழியும் நீர். உறிஞ்சுகுழிக்குப் போக வேண்டியதை வாறுகாலில் திருப்பிவிடுகிறார்கள். தெளிந்து தெரிந்தாலும் அதில் நோய்க்கிருமிகள் உண்டு. பிள்ளைகள் விளையாடும் தெருவில்தான் அது ஓடுகிறது.

இரட்டைக் குழியில் ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் விட்டம், ஏறக்குறைய அதே ஆழம். நடுவே ஒரு மீட்டர் இடைவெளி. ஒன்று நிரம்பியதும், கழிவை இரு குழிக்கும் பிரித்துவிடும் சிறு தொட்டியில் அதன் வாயை அடைத்து மற்றதைத் திறந்து, நிரம்பியதை இரண்டு ஆண்டு மூடி வைக்க வேண்டும். பிறகு நாற்றமில்லாத உலர்ந்த எருவை மண்வெட்டியால் வீட்டாரே அள்ளலாம்.

கெடுவது கட்டுமானத்தில்தான். இரண்டு வாயையும் திறந்து வைத்தால் இரண்டும் சேர்ந்து நிரம்பும். உள்ளே பூசினாலோ அடியில் கான்கிரீட் போட்டாலோ நீர் இறங்காது. செங்கலுக்கு நடுவே துளை விட்டுக் கட்ட வேண்டும். குளிக்கிற தண்ணீரை விடவே கூடாது. சரிவு 25 டிகிரிக்குக் குறையாத கழிப்பறைக் கோப்பைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் போதும். கரிசலில் குழியைச் சுற்றி 30 செ.மீ. மணல் நிரப்புவது கட்டாயம்.

கட்டினால் மட்டும் நோய் குறைந்துவிடாது. ஒடிசாவில் 100 கிராமங்களில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், கழிப்பறைத் திட்டம் நடந்த பாதிக் கிராமங்களில் கழிப்பறை உள்ள வீடுகள் 9 சதவீதத்திலிருந்து 63 ஆக உயர்ந்தும் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு குறையவில்லை. கட்டிய வீடுகளிலும் எல்லாரும் பயன்படுத்தவில்லை. சீக்கிரம் நிரம்பிவிடுமே, யார் அள்ளுவது என்ற பயத்திலேயே வெளியே போகிறவர்கள் நிறைய. அந்தப் பயத்துக்கு இரட்டைக் குழியிடம் பதில் இருக்கிறது, டேங்கிடம் இல்லை.

மேலூர்ப் பக்கம் போல் பாறை மேலாக இருந்தாலோ, மழைக்காலத்தில் நிலத்தடி நீர் குழியடிவரை ஏறி வந்தாலோ இதை அழுத்திச் சொல்லமாட்டேன். அங்கே டேங்கே சரி. ஆனால் வழியும் நீருக்கு மேடான உறிஞ்சுகுழி இருந்தாக வேண்டும், கிணற்றுக்குப் பதினெட்டு மீட்டராவது தள்ளி.