டிஎஸ்எல் இணைப்புக்கு ‘கேமிங் பேக்’ விற்க வருகிறார்கள்: மதுரைக்காரர்கள் கவனத்துக்கு

பழைய லேண்ட்லைன் கம்பியில் டிஎஸ்எல் இன்டர்நெட் வைத்திருக்கும் வீடுகளைத் தேடி, ‘பிங் குறைத்துத் தருகிறோம்’ என்று ஆள் வருகிறது. பிங் என்பது ஆன்லைன் கேமில் உங்கள் கம்ப்யூட்டர் அனுப்பும் டேட்டா சர்வருக்குப் போய்ப் பதில் திரும்பி வர ஆகும் நேரம், மில்லி செகண்டில். வில்லாபுரத்தில் ஒரு வீட்டில் இப்படி 8,200 ரூபாய் வாங்கிப் போயிருக்கிறார்கள். நாலு ஆன்டெனா வைத்த ‘கேமிங் ரவுட்டர்’ 5,800, ‘எக்ஸ்சேஞ்சில் போர்ட் மாற்ற’ (டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் லைன் செருகியிருக்கும் இடத்தை மாற்ற) 1,500, பிங் குறைக்கும் ஆப்புக்கு மூன்று மாதச் சந்தா 900. பில் கிடையாது. ஆட்டத்தின் நடுவே 180, 400 என்று துள்ளிக்கொண்டிருந்த பிங், பணம் கொடுத்த பிறகும் அப்படியேதான் துள்ளியது.

“தம்பி, இத மாட்டுனா இருபதுக்குள்ள வந்துரும், நான் கேரண்டி” என்று சொல்லி, வந்தவர் தன் போனிலேயே ஸ்பீட் டெஸ்ட் ஓட்டி 18 காட்டியிருக்கிறார். அந்தப் போன் வீட்டு வைஃபையில் இல்லை, மொபைல் டேட்டாவில் இருந்தது. யாராவது இப்படிக் காட்டினால் போனின் மேல்பட்டையில் வைஃபை குறி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வைஃபையிலேயே ஓட்டினாலும், ஸ்பீட் டெஸ்ட் பக்கத்தில் இருக்கிற சர்வரைத்தான் எடுத்துக்கொள்ளும். உங்கள் கேம் பேசுவது அந்த சர்வரோடு இல்லை. ஃபைபரில் ஒளி ஆயிரம் கிலோமீட்டர் போய்த் திரும்ப சுமார் 10 மில்லி செகண்ட் ஆகும். மதுரையிலிருந்து மும்பை நேர்கோட்டில் ஏறக்குறைய 1,150 கிலோமீட்டர், சிங்கப்பூர் 3,000. ஆகவே சிங்கப்பூர் சர்வருக்கு 30-க்குக் கீழே யாராலும், எந்தப் பெட்டியாலும் கொண்டுவர முடியாது. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் நிஜத்தில் இன்னும் கூடும். வாலரன்ட் போல மும்பையில் சர்வர் வைத்திருக்கும் கேம் என்றால், செட்டிங்கில் மும்பை தேர்வாகியிருக்கிறதா என்று பார்ப்பது காசில்லாத முதல் வேலை.

பணம் கொடுக்கும் முன் தாமதம் எந்த இடத்தில் ஏறுகிறது என்று கண்டுபிடியுங்கள். கம்ப்யூட்டரை மோடத்தோடு லேன் கேபிளில் இணைத்து, மற்ற போன், டிவி எல்லாவற்றின் வைஃபையையும் அணைத்துவிட்டு, கமாண்ட் பிராம்ப்ட்டில் மோடத்தின் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1) நூறு முறை பிங் விடுங்கள். கேபிளில் 1 மில்லி செகண்டைத் தாண்டக் கூடாது. வைஃபையில் மட்டும் 30, 80 என்று குதித்தால் பிரச்சினை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு நீளமான லேன் கேபிளோடு வேலை முடிந்தது.

அடுத்து கூகுளின் பொது சர்வரான 8.8.8.8-க்கு ட்ரேஸ்ரூட் விடுங்கள், டேட்டா போகும் வழியில் உள்ள ஒவ்வொரு நிறுத்தத்தையும் அது வரிவரியாகக் காட்டும். முதல் வரி உங்கள் மோடம், இரண்டாவது வரி இன்டர்நெட் நிறுவனத்தின் பக்கம். இரண்டாவது வரி பதில் தராவிட்டால் மூன்றாவதைப் பாருங்கள். அந்த முகவரிக்குத் தனியாக நூறு பிங். நல்ல லைனில் 10-லிருந்து 20-க்குள் வரும். வில்லாபுரத்தில் அங்கேயே 48. அதாவது ஊரைத் தாண்டும் முன்பே தாமதத்தின் பெரும்பங்கு வந்துவிட்டது. மோடத்துக்குப் பின்னால் மாட்டுகிற எந்த ரவுட்டரும் இதைத் தொடக்கூட முடியாது.

காரணம் மோடத்தின் டிஎஸ்எல் ஸ்டேட்டஸ் பக்கத்திலேயே எழுதியிருந்தது. லைன் அட்டெனுவேஷன், அதாவது கம்பியில் சிக்னல் தேயும் அளவு, 41 டிபி (டெசிபல்). வீடுகளில் வழக்கமான டிஎஸ்எல் வகையான ஏடிஎஸ்எல்-இல் கிலோமீட்டருக்குச் சுமார் 13.8 டிபி போகும் என்பது பொதுக் கணக்கு, அப்படியென்றால் எக்ஸ்சேஞ்சிலிருந்து மூன்று கிலோமீட்டர் கம்பி. எஸ்என்ஆர் மார்ஜின், அதாவது இரைச்சலைச் சமாளிக்க லைனில் மிச்சமிருக்கும் தெம்பு, 5.5 டிபி. ஆறுக்குக் கீழே போன லைன் எப்போது வேண்டுமானாலும் அறுந்து மறுபடி சிங்க் ஆகும் (எக்ஸ்சேஞ்சோடு மீண்டும் இணையும்), பத்துக்கு மேல் இருந்தால் நிம்மதி. சிஆர்சி எர்ரர் (வழியில் சிதைந்து வந்த டேட்டா) எண்ணிக்கை, பக்கத்தைப் புதுப்பிக்கப் புதுப்பிக்க ஏறியது. பாத் (டேட்டா அனுப்பும் முறை) என்ற இடத்தில் ‘இன்டர்லீவ்ட்’. இந்த நாலையும் பார்க்காமல் பிங்கைப் பற்றிப் பேசுகிறவருக்கு டிஎஸ்எல் தெரியாது, அல்லது தெரிந்தே மறைக்கிறார்.

இன்டர்லீவிங் என்பது டேட்டாவைக் கலைத்துப் பிரித்து அனுப்புகிற ஏற்பாடு. லைனில் ஒரு நொடிப்பொழுது இரைச்சல் அடித்தாலும் சிதைந்ததை மறுமுனையில் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் கலைத்ததை மறுபடி அடுக்கக் காத்திருக்க வேண்டும், அந்தக் காத்திருப்பே 20, 30 மில்லி செகண்டைத் தின்றுவிடும். இதை எடுத்துவிட்டு ‘ஃபாஸ்ட்’ ப்ரொஃபைல் போடுவது எக்ஸ்சேஞ்ச் பக்கம், லைன்கள் வந்து சேரும் டிஎஸ்எல்ஏஎம் கருவியில் நடக்கிற செட்டிங் வேலை, கம்பியையோ போர்ட்டையோ தொட வேண்டியதில்லை. நிறுவனத்தின் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டுக் கேட்கலாம். இதற்குத்தான் ‘போர்ட் மாற்ற’ என்று சொல்லி 1,500 வாங்கிக்கொண்டு, அதையும் செய்யவில்லை. பணம் போன பிறகும் மோடம் பக்கத்தில் இன்டர்லீவ்ட் என்றே இருந்தது.

ஆனால் இரைச்சல் லைனில் அவசரப்பட்டு ஃபாஸ்ட் கேட்டு வாங்காதீர்கள். பிங் குறையும், பாக்கெட் லாஸ் (வழியில் தொலையும் டேட்டா) கூடும், ஆட்டம் முன்பைவிட மோசமாகும். முதலில் கம்பி.

கம்பியைச் சோதிக்க லேண்ட்லைன் போனை எடுத்து ஏதாவது ஒரு எண்ணை மட்டும் அழுத்துங்கள். டயல் டோன் நின்றதும் அமைதியாக இருக்க வேண்டும். கரகரவென்று கேட்டால் எங்கோ ஜாயிண்ட் கெட்டிருக்கிறது. பிறகு வெளிக் கம்பி வீட்டுக்குள் வந்து முடிகிற முதல் ரொசெட் பெட்டியில், மற்ற எக்ஸ்டென்ஷன் வயர்களையும் போன்களையும் கழற்றிவிட்டு, மோடத்தை நேராக மாட்டிப் பாருங்கள். மார்ஜின் 3 டிபி ஏறினால் குற்றம் உங்கள் வீட்டு வயரிங்கில். ஸ்ப்ளிட்டர் (போன் ஒலியையும் டேட்டாவையும் பிரிக்கும் சின்னப் பெட்டி) இல்லாமல் பேரலலில் மாட்டிய ஒரே ஒரு போன் போதும், லைனைக் கெடுக்க. ஏறவில்லை என்றால் ரொசெட்டிலிருந்து வெளியே டிபி பெட்டி (லைன்கள் வீடுகளுக்குப் பிரியும் இடம்) வரை போகிற ட்ராப் வயரைக் கண்ணால் தொடருங்கள். வில்லாபுரத்தில் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் மேல், இரண்டு முனைகளை வெறுமனே முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். வெயிலில் பசை உருகி டேப் ஒரு பக்கம் நழுவிக் கிடந்தது. பிரித்தால் செம்பின் மேல் பச்சைப் பொடி. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த மாதிரி ஜாயிண்டில் தண்ணீர் இறங்கினால் மார்ஜின் இன்னும் சரியும். லைன்மேன் அந்தத் துண்டை வெட்டி எறிந்து, ஜெல் நிரப்பிய கனெக்டர் போட்டு அழுத்தினார். மார்ஜின் 11-க்கு வந்தது, சிஆர்சி நின்றது. அதன் பிறகு ஃபாஸ்ட் ப்ரொஃபைல் கேட்டு வாங்கியதும் எக்ஸ்சேஞ்ச் வரையிலான பிங் 48-லிருந்து 17.

இனி அந்த ரவுட்டர். ஆட்டத்தின் நடுவில் 180, 400 என்று எகிறுவதற்குக் காரணம் வேறு. அந்த லைனின் அப்லோட் 640 கேபிபிஎஸ் (நொடிக்கு 640 கிலோபிட்). வீட்டில் யாரோ ஒருவரின் போன் போட்டோ பேக்கப் எடுத்தாலோ, சிசிடிவி கேமரா கிளவுடுக்கு அனுப்பினாலோ மோடத்தின் பஃபர் (டேட்டா வரிசையில் காத்திருக்கும் இடம்) நிரம்பிவிடும். 128 கிலோபைட் பஃபர் நிரம்பினால் அது காலியாக 1.6 செகண்ட். கேம் அனுப்புகிற சின்ன பாக்கெட் அத்தனைக்கும் பின்னால் நிற்கும்.

ரவுட்டரில் ‘கேமிங் க்யூஓஎஸ்’ (கேம் பாக்கெட்டுகளை முதலில் விடும் வசதி) இருந்தது உண்மை. ஆனால் அப்லோட் வேகம் என்ற கட்டத்தில் 100 எம்பிபிஎஸ் என்று விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ரவுட்டர் தன் கதவில் நெரிசலே இல்லை என்று நினைத்து எல்லாவற்றையும் மோடத்துக்குத் தள்ளிவிடும், வரிசை அங்கே சேரும். சிங்க் வேகத்தில் (மோடம் எக்ஸ்சேஞ்சோடு இணைந்த வேகம்) 85 சதவீதம், அதாவது 540 கேபிபிஎஸ் அளவுக்கு அப்லோடைக் கட்டினால்தான் வரிசை ரவுட்டரின் கைக்குள் வரும். டவுன்லோடுக்கும் இதே விகிதம். ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருள் ஏறுகிற ரவுட்டர் என்றால், அதில் வரிசையைக் கட்டுப்படுத்தும் எஸ்க்யூஎம் பகுதியில் கேக் (cake) தேர்ந்தெடுத்து, லிங்க் லேயரில் ஏடிஎம், ஓவர்ஹெட் 44 என்று கொடுங்கள். இந்த ஏடிஎம் என்பது டிஎஸ்எல் லைனில் டேட்டாவைச் சின்னத் துண்டுகளாக அனுப்பும் முறை, அதில் ஒவ்வொரு 53 பைட்டிலும் 48 மட்டுமே சரக்கு, அந்தக் கழிவைக் கணக்கில் சேர்க்காவிட்டால் சின்ன பாக்கெட்டுகளில் கணக்கு தப்பும். மேலும் மோடத்தை பிரிட்ஜ் மோடுக்கு (மோடம் ரவுட்டர் வேலை செய்யாத நிலைக்கு) மாற்றாமல் பின்னால் இன்னொரு ரவுட்டர் மாட்டினால் இரட்டை நேட் (முகவரி மாற்றம் இரண்டு இடத்தில் நடக்கும்), கேமில் நேட் வகை ‘ஸ்ட்ரிக்ட்’ என்று காட்டும். இவ்வளவு செட்டிங்கும் செய்து கொடுத்திருந்தால் 5,800-க்கு ஒரு நியாயம் இருந்திருக்கும். பெட்டியை மாட்டிவிட்டுப் போவது ஏமாற்று.

ஆப்புக்குப் பணமே கொடுக்க வேண்டாம். நிறுவனம் டேட்டாவை அனுப்பும் வழி (ரூட்டிங்) சுற்றுவழியாக இருந்தால், டேட்டாவை வேறு வழியாகத் திருப்பும் விபிஎன் வகை ஆப் சில நேரம் உதவும். கம்பியிலும் அப்லோடிலும் உள்ள கோளாறுக்கு ஒன்றும் செய்யாது. இலவச சோதனைக் காலத்திலேயே தெரிந்துவிடும்.

அட்டெனுவேஷன் 50-ஐத் தாண்டிய வீடுகள், ஊருக்கு வெளியே தோட்டத்து வீடுகள், இத்தனையும் செய்தாலும் ஓரளவுக்கு மேல் தேறாது. தெருவுக்கு ஃபைபர் வந்திருந்தால் அந்த 8,200-ஐ அங்கே போடுங்கள்.

பணம் ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் யுபிஐ ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. லைன் கோளாறுக்கு நிறுவனத்திடம் புகார் கொடுக்கும்போது டாக்கெட் எண் (புகார் எண்) வாங்காமல் போனை வைக்காதீர்கள். சரியாகவில்லை என்றால் அதே எண்ணைக் காட்டி அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். லைன்மேன் வந்தால், வேலைக்கு முன்னும் பின்னும் மோடம் பக்கத்தைத் தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மார்ஜின் ஏறி, சிஆர்சி பத்து நிமிடம் ஏறாமல் நின்ற பிறகு அவரை அனுப்புங்கள்.