கொறங்காடா, போர்வெல் புல்லா?

மழையை நம்பிய கொறங்காட்டில் மேய்ப்பதா, போர்வெல் தண்ணீர் பாய்ச்சித் தீவனப்புல் வளர்ப்பதா? திருப்பூர் மாவட்டத்தில் காங்கேயம், மூலனூர், வெள்ளகோவில் பக்கம் ஆடுமாடு வைத்திருப்பவர்கள் முன்னால் இப்போது இந்தக் கேள்விதான் நிற்கிறது.

விளைச்சலை மட்டும் பார்த்தால் கோ-4 தீவனப்புல்லுக்கு ஈடில்லை. 45 நாளுக்கு ஒரு அறுப்பு. கலப்பினக் கறவைக்கு வயிறு நிறையும். ஆனால் தண்ணீர் நின்றால் புல்லும் நின்றது. 1,000 அடி துளைத்தும் வெறும் புழுதி பறந்த காடுகள் இங்கே எத்தனை!

கொறங்காடு மானாவாரி மேய்ச்சல் நிலம். சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், தரையில் கொழுக்கட்டைப்புல். ஐப்பசி மழையில் தழைக்கும் இந்தப் புல், வறட்சியில் காய்ந்தாலும் வேர் சாகாது. அடுத்த மழைக்குத் துளிர்க்கும். கோடையில் புல் தீர்ந்தால் வெள்வேலங்காய் உதிரும், ஆடுகள் பொறுக்கித் தின்னும். காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்ப்பதும் பெரியவர்கள் போட்ட கணக்குதான். காங்கேயம் மாட்டின் உறுதி இந்த மேய்ச்சலில் வளர்ந்தது.

2016-இல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. அப்படியொரு ஆண்டைத் தாங்க நான் கொறங்காட்டையே நம்புவேன். பத்துக் கறவை வைத்துப் பால் ஊற்றுகிறவருக்கு அது மட்டும் போதாது, உண்மை. அவர் கால் ஏக்கரில் புல் போடட்டும். கிளுவை வேலியைப் பிடுங்கிவிட்டுக் கம்பி கட்டுவதைத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை.