வேப்பேரி பியானோ பட்டறை: சுருதிக்கு முன்னால் பூச்சியைப் பார்த்தவர்

கீழ்ப்பாக்கத்தில் குழந்தைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். என் பழைய அப்ரைட் பியானோவில் நடுக் கட்டைகள் சில அளவுக்கு மீறி இறங்கின; அழுத்தினால் 'டக்'கென்று மரச் சத்தம் வேறு. விரலை எடுத்த பிறகும் இரண்டு ஸ்வரங்கள் அடங்கவில்லை. முன்பு வந்த ஒருவர் சுருதி மட்டும் சேர்த்துவிட்டுப் போய்விட்டார். இந்த முறை வேப்பேரியில் சின்னப் பட்டறை வைத்திருக்கும் பெரியவரைக் கூப்பிட்டேன்.

அவர் ட்யூனிங் சாவியை வெளியிலேயே எடுக்கவில்லை. கட்டைகளைக் கழற்றி வரிசையாக அடுக்கி, டார்ச் அடித்துக் காட்டினார். அடியில் இருந்த கம்பளி ஃபெல்ட் வளையங்கள் அரிபட்டுக் கிடந்தன. மேலே மெல்லிய பட்டு இழைப் படலம். "டீச்சர், இது சுருதிப் பிரச்சினையே இல்ல. அந்துப்பூச்சி."

நம் வீட்டுச் சுவரில் சாம்பல் நிறக் கூட்டைச் சுமந்துகொண்டு ஊருமே, அது இல்லை. இது ஐரோப்பாவில் கம்பளித் துணிகளைக் காலங்காலமாகப் பாழாக்கும் டினியோலா பிஸ்ஸெலியெல்லா. கோதுமை நிறம், அரை அங்குலம்கூட இருக்காது. பறக்கிற பூச்சி எதையும் தின்பதில்லை. பெண் பூச்சி கம்பளி இழைகளுக்குள் 40, 50 முட்டை இடும். அதிலிருந்து வரும் புழுதான் தின்னும். கம்பளியில் இருக்கும் கெராட்டின் என்ற புரதத்தைச் செரிக்கிற சக்தி அதற்கு உண்டு. பட்டு இழையால் குழாய் பின்னி, உள்ளே இருந்தபடியே மேயும். சூடும் இரையும் வாய்த்தால் ஓரிரு மாதத்தில் வளர்ந்து கூட்டுப்புழு ஆகிவிடும். இல்லையென்றால் 2 வருடம்கூட இழுக்கும். வெளிச்சம் ஆகாது, யாரும் கைவைக்காத இருட்டுதான் பிடிக்கும். கட்டைக்கு அடியில் அதற்கு அரண்மனை வாசம்!

அரிபட்ட ஃபெல்ட் அத்தனையையும் பையில் கட்டி வெளியேற்றினார். மூலைமுடுக்கெல்லாம் வாக்வம் போட்டார். ஒலியை அடக்கும் ஃபெல்ட்களையும் மாற்றினார். கம்பிகளைத் தட்டும் ஃபெல்ட் சுத்தியல்கள் தப்பித்திருந்தன. நாப்தலின் உருண்டை போடலாமா என்று கேட்டேன். மூடிய பெட்டியில் ஆவி நிறைந்தால்தான் அது வேலை செய்யும், பியானோவுக்குள் வீண் என்று மறுத்துவிட்டார். பெண் பூச்சியின் வாசனை (ஃபெரமோன்) கொண்ட ஒட்டு அட்டை ஒன்று வைத்தார். அதில் ஆண் பூச்சி மட்டுமே சிக்கும். பூச்சி இன்னும் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் அது, ஒழிக்க அல்ல என்பதையும் அவரே சொன்னார். இந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடித்தது.

சுருதி கடைசியில்தான் சேர்த்தார். மொத்தம் 18,000 ரூபாய். மலிவில்லை, ஆனால் ஒவ்வொரு ரூபாய்க்கும் வேலை தெரிகிறது. குறை ஒன்று: ஃபெல்ட் வெளியூரிலிருந்து வரவேண்டியிருந்ததால் பியானோ திறந்தபடியே பல நாள் கிடந்தது, வகுப்புகளை நிறுத்த வேண்டியதாயிற்று. தேவையான ஃபெல்ட் கையிருப்பில் உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். டிசம்பரில் சர்ச் வேலைகள் நிறைய, ஆள் கிடைக்கமாட்டார்; அக்டோபருக்குள் கூப்பிட்டுவிடுங்கள்.