மலப் பரிசோதனையா, கொலோனோஸ்கோபியா?

அப்பாவுக்கு 48 வயதில் பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால், அதை முன்கூட்டியே கண்டறிய பிள்ளைகளுக்கு எந்தச் சோதனை சரி?

மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைத் தேடும் ‘ஃபிட்’ சோதனை எளிது. வீட்டிலேயே குச்சியால் கொஞ்சம் தொட்டுக் குப்பியில் போட்டுக் கொடுத்தால் போதும். ஆனால் வருடாவருடம் செய்ய வேண்டும். ரத்தம் கசியாத பாலிப் (குடலின் உள்சுவரில் முளைக்கும், பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடிய சிறு கட்டி) தப்பிவிடும். ரத்தம் இருந்தாலோ, எப்படியும் கொலோனோஸ்கோபிதான்: கேமரா பொருத்திய குழாயை ஆசனவாய் வழியாக விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை.

கொலோனோஸ்கோபிக்கு முந்தின நாள்தான் பெரும் தொல்லை: பேதி மருந்தும் கழிப்பறையுமாகவே ராத்திரி கழியும். குடலில் துளை விழும் ஆபத்தும் அரிதாக உண்டு. ஆனால் பாலிப்பைக் கண்டால் பெரும்பாலும் அங்கேயே வெட்டி எடுத்துவிடுவார்கள். சுத்தமாக இருந்தால் அடுத்தது 5 வருடம் கழித்து. என் ஓட்டு இதற்குத்தான். அமெரிக்க வழிகாட்டுதல்படி 40 வயதில், அல்லது அப்பாவுக்கு வந்த வயதுக்கு 10 வருடம் முன்பு, எது முந்தியோ அப்போது தொடங்க வேண்டும். 48-இல் வந்த அப்பா என்றால், 38.