பாரிடோன் யுகுலேலேயும் ட்யூப் ஸ்க்ரீமரும்: ஸ-ம-ப-ஸ சுருதியில் ஓராண்டு

நைலான் தந்தி பூட்டிய கருவிகளுக்குக் கார்வை, அதாவது மீட்டிய ஒலி நீடித்து நிற்பது, குறைவு. வீணையில் ஒரே மீட்டில் ரிஷபத்திலிருந்து காந்தாரத்துக்கு இழுத்து, அங்கே அசைத்து, நிதானமாக இறக்குவதற்குக் கிடைக்கும் அவகாசம், கிட்டாரின் சிறு வடிவமான நான்கு தந்தி யுகுலேலேயில் கிடைப்பதில்லை. கை அசைவதற்குள் நாதம் அடங்கிவிடுகிறது. கும்பகோணத்தில் வீணை கேட்டே வளர்ந்த எனக்கு இந்தக் குறை பெரிதாகப் பட்டது. கருவிக்கும் ஆம்ப்புக்கும் (ஒலிபெருக்கிக்கும்) இடையே காலால் இயக்கும் டிஸ்டார்ஷன் பெடல் ஒலியின் உச்சத்தை வெட்டிச் சமப்படுத்துவதால், மெலிந்துகொண்டே போகும் ஸ்வரமும் இன்னும் சற்று நேரம் ஏறத்தாழ ஒரே கனத்தில் நிற்கிறது. அந்தக் கார்வைக்காகவே நான் பாரிடோன் யுகுலேலேயும் ட்யூப் ஸ்க்ரீமர் பெடலும் சேர்ந்த இந்தக் கூட்டணியை அமைத்தேன்.

நான் வாங்கியது 19 அங்குலத் தந்தி நீளம் கொண்ட, மஹோகனி ஒட்டுப்பலகையால் செய்த பாரிடோன். வழக்கமான யுகுலேலே வகைகளுள் பெரியதான இதன் நான்கு தந்திகளும் கிட்டாரின் மெல்லிய நான்கு தந்திகளைப் போலவே டி, ஜி, பி, ஈ என்று சுருதி சேர்க்கப்படுபவை. முழுப்பலகை முகப்பு இருந்தால் நாதம் இன்னும் இனிமையாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரே ஈரம் பூக்கும் எங்கள் ஊரில் ஒட்டுப்பலகையைத் தேர்ந்தெடுத்ததற்கு நான் வருந்தவில்லை. காந்தப் பிக்கப்புக்கு எஃகுத் தந்தி வேண்டும் என்பதால், நைலானுக்கு ஏற்ற, அதிர்வின் அழுத்தத்தை மின்சைகையாக்கும் பீஸோ பிக்கப், தந்திகளைத் தாங்கும் குதிரைக்கட்டையின் அடியில் வைக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சைகையை முதலில் வலுப்படுத்தும் ப்ரீஆம்ப், 9 வோல்ட் பேட்டரியுடன் கருவியின் பக்கவாட்டிலேயே உள்ளது. பீஸோவை நேரடியாகப் பெடலில் செருகினால் ஒலி மெலிந்து தகரம் தட்டுவதுபோல் ஆகிவிடும் என்பதால், ப்ரீஆம்ப் இல்லாத மாதிரியை யாரும் வாங்க வேண்டாம்.

கருவி வந்த நாளிலேயே ஒரு குறை தெரிந்தது. ஆம்ப்பில் இணைத்தால் மூன்றாம் தந்தி மட்டும் பாதி அளவே ஒலித்தது. விற்ற கடைக்கு எழுதியபோது, பீஸோவின் இயல்பே அப்படித்தான் என்று பதில் வந்தது, அது தவறு. தஞ்சாவூரில் வீணை பழுதுபார்க்கும் ஒரு பெரியவரிடம் எடுத்துச் சென்றேன். அவர் தந்திகளைத் தளர்த்தி, தந்தி அமரும் வெள்ளைப் பட்டையைக் குதிரைக்கட்டையிலிருந்து உருவி, அதன் அடிப்பக்கம் முழுவதும் பென்சிலால் கருமை தீட்டினார். கண்ணாடித் துண்டின்மேல் உப்புத்தாளை விரித்து, பட்டையை நான்கு முறை தேய்த்துத் திருப்பிக் காட்டினார். மூன்றாம் தந்திக்கு நேர் கீழே மட்டும் பென்சில் கருமை அப்படியே இருந்தது. “இங்கே பள்ளம், தம்பி. பிக்கப்மேல இது படவே இல்லை” என்றார். கருமை முழுதும் மறையும்வரை தேய்த்துப் பொருத்தியபின் நான்கு தந்திகளும் சமமாக ஒலித்தன. வீணையின் கழுத்தில் உள்ள மெழுகுப் பரப்பான மேளத்தில் மெட்டுகளை (விரல் அழுத்தும் உலோகக் கம்பிகளை) பதித்துப் பழகிய கைக்கு இது சிறிய வேலைதான். டெல்டாவில் இருப்பவர்கள் இத்தகைய பழுதுக்குக் கருவியைப் பார்சலில் திருப்பி அனுப்பிக் காத்திருக்கத் தேவையில்லை.

சுருதிதான் இங்கே முக்கியமான செய்தி. வழக்கமான டி-ஜி-பி-ஈ முறையில் டிஸ்டார்ஷனை ஏற்றி நான்கு தந்திகளையும் மீட்டினால் கலங்கிய ஒலிதான் வரும். ஜி-யை ஸட்ஜமாகக் கொண்டால் பி அதன் அந்தர காந்தாரம். ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக்கும் சம இடைவெளிச் சுருதியில் அது இயற்கையான இடத்தைவிட 14 சென்ட் (அந்தப் பங்கு ஒன்றில் நூறில் ஒரு பகுதி ஒரு சென்ட்) கூடுதலாக இருக்கிறது. பஞ்சமமோ 2 சென்ட் மட்டுமே விலகுகிறது. பெடல் இரண்டு ஸ்வரங்களை ஒன்றோடொன்று கலந்து புதிய ஒலிகளைப் பிறப்பிப்பதால், காந்தாரத்தின் அந்தப் பிசகு உறுமலாகப் பெருகிவிடுகிறது. ஆகவே இரண்டாம் தந்தியை ஏ-வுக்கும் முதல் தந்தியை டி-க்கும் இறக்கினேன். இப்போது டி-ஜி-ஏ-டி, அதாவது ஸ-ம-ப-ஸ. எந்தத் தந்தியையும் ஏற்றவில்லை என்பதால் அறுந்துபோகும் அச்சமில்லை. மூன்றாம் தந்தியை இரண்டாம் மெட்டில் அழுத்தினால் ஸ-ப-ப-ஸ என்று தம்பூராவை நினைவூட்டும் ஒரு நிறைவு கிடைக்கிறது. இதில் நான் மிகவும் வியந்த விஷயம் ஒன்று உண்டு. கீழ் ஸட்ஜம் ஏறத்தாழ 147 ஹெர்ட்ஸ், பஞ்சமம் 220 ஹெர்ட்ஸ். பெடல் இவற்றின் வேறுபாடான 73 ஹெர்ட்ஸையும் ஒலிக்கச் செய்கிறது. அது கருவியில் தந்தியே இல்லாத மந்திர ஸட்ஜம். சின்னஞ்சிறு கருவியிலிருந்து அந்த ஆழம் எழும்போது தரையே அதிர்வதுபோல் இருக்கிறது.

பெடலுக்கு ஐபனெஸ் ட்யூப் ஸ்க்ரீமர் டிஎஸ்9 போதும். கீழ் ஒலிகளைக் குறைத்து நடு ஒலிகளை முன்னிறுத்தும் அதன் குணம், பீஸோவின் கூர்மைக்கும் பெட்டியின் முழக்கத்துக்கும் ஒருசேர மருந்தாகிறது. வெட்டும் அளவைக் கூட்டும் டிரைவ் குமிழைப் பாதிக்குமேல் ஏற்றினால், ஆம்ப்பின் ஒலி கருவிக்கே திரும்பி ஊளை தொடங்கிவிடும். ஒலித்துளையை ஸ்பாஞ்ச் வெட்டி அடைத்து, ஆம்ப்புக்குப் பக்கவாட்டில் ஆறடி தள்ளி உட்கார்ந்தால் 15 வாட் ஆம்ப்பில் தாராளமாக வாசிக்கலாம். வீட்டு மின்சாரத்தில் எர்த் சரியில்லாதவர்கள் பெடலையும் பேட்டரியிலேயே ஓட்டிப் பார்க்கட்டும். என் வீட்டில் ரீங்காரம் பெரிதும் குறைந்தது.

ஆம்ப்பில் இணைத்த, மெட்டு வைத்த சிறு கருவியில் கமகம் நிற்கும் என்பதை மாண்டலின் உ. ஸ்ரீனிவாஸ் பல ஆண்டுகளுக்கு முன்பே நிலைநாட்டிவிட்டார். அவரிடம் உலோகத் தந்தி இருந்தது. நைலானை அதே தூரம் இழுத்தாலும் சுருதி அந்த அளவுக்கு ஏறுவதில்லை. முழு ஸ்வரம் இறக்கிய இரண்டு தந்திகளில் இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறைவதால், அவற்றில் மட்டும் இழுப்பு ஓரளவு கைக்கு வருகிறது. மத்யமாவதி இந்தச் சுருதிக்கென்றே அமைந்ததுபோல் ஒலிக்கிறது, ஏனெனில் நான்கு திறந்த தந்திகளும் அந்த ராகத்தின் ஸ்வரங்களே. மோகனத்திலும் கல்யாணியிலும் சுத்த மத்யமத்துக்கு இடமில்லை என்பதால், நான்காம் தந்தியை அழுத்தும் விரலின் நுனியாலேயே மூன்றாம் தந்தியைத் தொட்டு அடக்கி வாசிக்கிறேன். அந்த விரல் படிவதற்கு எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.