கியூ10 குளிசையும் நுவரெலியாக் குளிரும்

பண்டாரவளை அக்கா போன வாரம் கேட்டார்: "தம்பி, நீ போடுற கியூ10ல யூபிக்வினோல்னு ஒண்ணு வந்திருக்காமே, அதுதான் நல்லா உடம்புல ஏறுமாம். வெல ரெட்டிப்பா இருக்கு. வாங்கவா?" போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால் எழுதுகிறேன். கியூ10 என்பது செல்கள் சக்தி உண்டாக்க உதவும், நம் உடம்பே தயாரிக்கும் ஒரு பொருள். யூபிக்வினோல் அதன் ஒரு வடிவம்.

2022இல் டொலர் ஏறுவதற்கு முன்பிருந்தே கியூ10 குளிசை விழுங்குகிறவன் நான். காரணம் கொலஸ்ட்ரோலுக்குப் போடும் ஸ்டாட்டின். உடம்பு கொலஸ்ட்ரோலைத் தயாரிக்கும் வழியை அது அடைக்கிறது. கியூ10 தயாராவதும் அதே வழியில்தான் என்பதால் இரத்தத்தில் அதன் அளவும் இறங்கிவிடும். ஆனால் ஸ்டாட்டினால் வரும் தசைவலி கியூ10 போட்டால் போகுமா என்று கேட்டால், ஆய்வுகள் ஆளுக்கொரு பக்கம் பேசுகின்றன. எனக்குத் தொடை வலி குறைந்தது உண்மை. அதே சமயத்தில் டொக்டர் ஸ்டாட்டின் அளவையும் குறைத்திருந்தார். யாருக்கு நன்றி சொல்வது?

சரி, என் எரிச்சலுக்கு வருகிறேன். இப்போது வாங்குவது எண்ணெயில் கரைத்து அடைத்த மென்மையான குளிசை. போத்தலில் "உயர் அகத்துறிஞ்சல்", அதாவது உடம்பில் நன்றாக ஏறும் என்று பெரிய எழுத்து. வரும்போது செம்மஞ்சள் நிறத்தில் பளிச்சென்று, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும். ஜனவரி பிறந்தால் போதும், கலங்கிவிடுகிறது. ஒன்றை பிளேடால் கீறி விரலில் தேய்த்துப் பார்த்தேன். எண்ணெய்க்குள் ரவை மாதிரி நறநறவென்று மஞ்சள் துகள். நம் ஊர்க் குளிருக்கு உறைந்துபோகும் தேங்காய் எண்ணெய் என்றால் உள்ளங்கைச் சூட்டுக்கே இளகிவிடும். இது கையை எவ்வளவு நேரம் மூடிவைத்தாலும் அசையவில்லை.

அசையாது. அந்தத் துகள், எண்ணெயிலிருந்து பிரிந்து பளிங்காக (படிகமாக) இறுகிய கியூ10. அது உருக 48 பாகை செல்சியஸ் அளவு வேண்டும், நம் வயிற்றில் இருப்பது 37. பளிங்காக இருக்கும்வரை குடல் சுவரைத் தாண்டாது, மூலக்கூறு மூலக்கூறாகக் கரைந்தால்தான் உள்ளே போகும். எண்ணெய்ச் சாப்பாட்டோடு போட்டால் பித்தநீர் சுரந்து ஓரளவு கரைக்கும் என்பது வேறு கதை. ஆனால் நான் காசு கொடுத்தது ஏற்கெனவே கரைத்துவைத்த பொருளுக்கு. சூடாக்கி எண்ணெயில் கரைப்பது பெரிய விஷயமில்லை. ஆறிய பிறகும் பளிங்காகாமல் வைத்திருப்பதுதான் வித்தை. அந்த வித்தைக்குத்தானே இந்த விலை?

பார்மசிக்காரரிடம் காட்டினேன். "கலர் மாறினாலும் சத்து மாறாது சேர்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. மில்லிகிராம் அப்படியேதான் இருக்கும், உடம்பில் ஏறுவதுதான் குறையும். லேபிளைப் பார்த்தால் "குளிர்ந்த இடத்தில் வைக்கவும்" என்று மட்டும் இருக்கிறது. நுவரெலியாவில் குளிராத இடம் எது என்று போட்டவன் வந்து காட்டட்டும்! "அகத்துறிஞ்சல் மூன்று மடங்கு, நான்கு மடங்கு" என்று எழுதுவதும் இப்படித்தான். எதைவிட மூன்று மடங்கு? பெரும்பாலும் வெறும் தூளைவிட.

அக்கா கேட்ட யூபிக்வினோல். நம் இரத்தத்தில் ஓடும் கியூ10இல் பெரும்பகுதி அந்த வடிவம்தான், அது உண்மை. ஆனால் சாதா கியூ10 குளிசையில் இருக்கும் யூபிக்வினோன் என்ற வடிவத்தை விழுங்கினாலும் உடம்பே அதை யூபிக்வினோலாக மாற்றிக்கொள்கிறது. இதயச் செயலிழப்பு உள்ள 420 பேருக்கு, நாளுக்கு மூன்று வேளை 100 மில்லிகிராம் வீதம் இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. கொடுத்தவர்களிடம் பாரிய இதயப் பாதிப்புகளும் சாவும் குறைந்திருந்தன. கொடுத்தது சாதா யூபிக்வினோன்தான். சுவீடனில் 70 வயது தாண்டிய 443 பேருக்கு நான்கு வருடம் கொடுத்ததும் அதுவே. ஆனால் அங்கே செலினியம் என்ற தாதுச்சத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள், அந்த ஊர் மண்ணில் செலினியமே குறைவு. அந்த முடிவை அப்படியே பண்டாரவளைக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாது.

வயது போகப் போக இதயத் தசையில் கியூ10 குறைவது மெய்தான். குறைந்ததை நிரப்பினால் முதுமை தள்ளிப்போகும் என்பது விளம்பரம்.

இவ்வளவு திட்டினாலும் ஒன்று சொல்லவேண்டும். இதுவரை போட்டதில் இந்தக் குளிசைதான் நல்லது. பழைய தூள் கெப்ஸ்யூல் போல வயிற்றைப் பிரட்டுவதில்லை, ஏப்ரலில் வாங்கினால் தெளிவாகவே இருக்கிறது. காலையில் ரொட்டியும் தேத்தண்ணியுமாகப் போடாமல், பகல் சோற்றோடு, தேங்காய்ப்பால் கறியும் மீனும் இருக்கும்போது போடுகிறேன். இராத்திரியில் போட்டால் சிலருக்குத் தூக்கம் கெடும்.

அப்படியென்றால் அக்கா வாங்கலாமா? வேண்டாம். ஸ்டாட்டின் இல்லை, இதயத்தில் கோளாறு இல்லை, தினமும் மலையேறி இறங்குகிற உடம்பு. அந்தக் காசுக்கு மாதம் முழுக்க மீன் வாங்கலாம், மிச்சமும் வரும். அத்தான் ஆசைப்பட்டால் மட்டும் கவனம். அவர் இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் எடுக்கிறார், கியூ10 அதன் வேலையைக் குறைக்கலாம். டொக்டரைக் கேட்காமல் ஒன்றுகூடக் கொடுக்கவேண்டாம். நான் அடுத்த போத்தலை வெயில் காலத்தில் வாங்கி, அடுப்படி அலமாரியில் வைக்கப் போகிறேன்.