அமிலாய்டா, டௌவா, பழைய சர்க்கரை ஸ்கேனா?

டிமென்ஷியாவுக்கு பெட் ஸ்கேன் என்றால் ஒரே ஸ்கேன் என்று பலரும் நினைக்கிறார்கள். மூளையில் எதைப் பார்க்க வேண்டுமோ அதைக் காட்ட ஊசியில் ஏற்றும் கதிரியக்க மருந்து மாறினால் கேள்வியே மாறிவிடும்.

அல்சைமரில் மூளையில் படியும் புரதங்கள் இரண்டு: அமிலாய்டு, டௌ. அமிலாய்டு ஸ்கேனின் பெரிய பலம், இல்லை என்று சொல்வது. படிவே தெரியவில்லை என்றால் இந்த மறதிக்குக் காரணம் அல்சைமர் இல்லை என்று பெரும்பாலும் நம்பலாம். இருக்கிறது என்று வந்தால்தான் சிக்கல், ஏனென்றால் நினைவாற்றலில் எந்தக் குறையும் இல்லாத வயதானவர்கள் பலருக்கும், லூயி பாடி டிமென்ஷியா என்ற வேறு வகை உள்ளவர்களில் கணிசமானவர்களுக்கும் அமிலாய்டு படிந்திருக்கும். அமிலாய்டைக் காட்ட பிட்ஸ்பர்க்கில் உருவான பிஐபி மருந்தின் முதல் ஆய்வு 2004-ல் வெளிவந்தது, ஆனால் அதிலுள்ள கார்பன்-11 20 நிமிடத்தில் பாதியாகிவிடுவதால் அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் பக்கத்திலேயே வேண்டும். 110 நிமிடம் தாங்கும் ஃப்ளோரின்-18 மருந்துகள் வந்த பிறகுதான் மற்ற ஆஸ்பத்திரிகளிலும் இது சாத்தியமானது.

அல்சைமர் என்று தெரிந்துவிட்டால் என் ஓட்டு டௌ ஸ்கேனுக்குத்தான். அமிலாய்டு அறிகுறி தெரியும் முன்பே ஏறி, ஒரு கட்டத்தில் தேங்கிவிடும். டௌ அப்படியல்ல, எந்த இடத்தில் படிகிறதோ அந்த இடத்தின் வேலைதான் கெடுகிறது. பார்த்ததைப் புரிந்துகொள்ள முடியாமல் போகிறவர்களுக்கு மூளையின் பின்பக்கம் நிறைந்திருக்கும். இதற்கான ஃப்ளோர்டாசிபிர் மருந்துக்கு அமெரிக்காவில் 2020-ல் அனுமதி கிடைத்தது.

ஆனால் அல்சைமரைத் தாண்டினால் அதுவே தடுமாறுகிறது. நடையும் கண் அசைவும் கெடும் பிஎஸ்பி நோயிலும் டௌதான் படிகிறது, ஆனால் இழைகளின் அமைப்பு வேறு, மருந்து சரியாக ஒட்டுவதில்லை. அதைவிடக் குழப்பம் சொற்களின் பொருளே மறந்துபோகும் செமான்டிக் டிமென்ஷியா: அங்கே பெரும்பாலும் படிவது டிடிபி-43 என்ற வேறு புரதம், இருந்தும் பொட்டுப்பகுதி மூளையில் டௌ ஸ்கேன் ஒளிர்கிறது. இதை மட்டும் வைத்து யாரும் முடிவு சொல்லக் கூடாது.

டிடிபி-43-க்கோ, லூயி பாடியில் படியும் ஆல்ஃபா-சைனூக்ளினுக்கோ மருத்துவமனைப் பயன்பாட்டுக்கு அனுமதி பெற்ற ஸ்கேன் மருந்து இன்னும் இல்லை. அங்கெல்லாம் எஃப்டிஜி என்ற பழைய சர்க்கரை ஸ்கேன்தான் கை கொடுக்கிறது. புரதம் எதையும் அது காட்டாது, மூளை எங்கே சர்க்கரையைக் குறைவாக எரிக்கிறது என்று மட்டும் காட்டும். லூயி பாடியில் பின்மண்டைப் பகுதி, ஃப்ரண்டோடெம்போரல் டிமென்ஷியாவில் முன்பகுதியும் பொட்டுப்பகுதியும் மங்கியிருக்கும்.

அமிலாய்டை அகற்றும் லெக்கானெமாப் போன்ற சிகிச்சை மருந்து யோசிக்கிறார்கள் என்றால் விஷயம் வேறு. அமிலாய்டு இருப்பதை உறுதி செய்யாமல் அதைத் தொடங்கவே முடியாது, அதற்குப் பெரும்பாலும் அமிலாய்டு ஸ்கேன் எடுப்பார்கள், அல்லது முதுகுத்தண்டு நீரை எடுத்துச் சோதிப்பார்கள்.